கண்ணை மறைத்துக்கொண்டு விமானம் ஓட்ட முடியுமா? பைலட்களைப் பாடாய்ப்படுத்தும் 'ஐ.ஆர்.' பயிற்சி: முழு விவரம்

மார்கழி மாத விடியற்காலையில் அத்திப்பட்டு ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? 'சிட்டிசன்' படத்தில் வரும் அத்திப்பட்டி இல்லை, இது எண்ணூருக்கு அடுத்து இருக்கிற எங்க அத்திப்பட்டு. பனியும் சாம்பல் தூசியும் சேர்ந்துகொண்டால் எதிர் பிளாட்பாரம்கூட சில நாள் தெரியாது. அனல்மின் நிலையப் புகைபோக்கி இருக்கிற பக்கம் சிவப்பு விளக்குகள் மட்டும் மங்கலாக மினுங்கும். அந்த விளக்கு நமக்காக எரியவில்லை. 'இங்கே உயரமாக ஒன்று நிற்கிறது, மோதிவிடாதே' என்று விமானிக்குச் சொல்வதற்காக எரிகிறது.

விளக்கே தெரியாத அளவுக்கு மேகம் சூழ்ந்தால் விமானி என்ன செய்வார்? அதற்குத்தான் 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்', சுருக்கமாக ஐ.ஆர். இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தர் இப்போது பைலட் பயிற்சியில் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், படிக்கிற இடத்தையும் சொல்லக் கூடாதாம். போன மாதம் ராத்திரி 11 மணிக்கு போன் போட்டு, "அண்ணா, இத்தனை மாசமா நல்லாத்தான் ஓட்டினேன். இப்ப ஐ.ஆர். ஆரம்பிச்சதுல இருந்து ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு போனில் இருந்துதான் இந்தக் கட்டுரை வந்தது.

ஐ.ஆர். என்றால் என்ன?

விமானம் ஓட்டுவதில் இரண்டு வகை விதிகள் உண்டு. ஒன்று, வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுவது. இதை வி.எஃப்.ஆர். என்பார்கள். 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது பொதுவாகக் குறைந்தது 5 கிலோமீட்டர் தூரத்துக்குப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். மேகத்தை விட்டு விலகியே பறக்க வேண்டும். இன்னொன்று ஐ.எஃப்.ஆர். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் முன்னால் இருக்கிற மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டுவது. இரண்டாவது வகையில் பறக்க உரிமத்தோடு தனியாக ஒரு தகுதி வேண்டும். அதுதான் ஐ.ஆர்.

நாம் டிக்கெட் எடுத்துப் போகிற பயணிகள் விமானங்கள் எல்லாமே ஐ.எஃப்.ஆர். முறையில்தான் பறக்கின்றன, வானம் பளிச்சென்று இருந்தாலும்கூட. அதனால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில் இருந்தும் ஐ.ஆர். இல்லை என்றால் ஏர்லைன் வேலையை நினைத்துப் பார்க்க முடியாது.

ஒரு காலத்தில் இது எதுவுமே கிடையாது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராசுக்கு அந்தத் தபாலைக் கொண்டு வந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். சின்ன 'பஸ் மாத்' விமானம், ரேடியோகூட இல்லை. ஆறு, ரயில் தண்டவாளம், மலை இதையெல்லாம் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1929 செப்டம்பர் 24 அன்று, அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் என்பவர் காக்பிட்டைத் துணியால் மூடிக்கொண்டு, வெளியே பார்க்காமலே புறப்பட்டு, சுற்றி வந்து, தரையும் இறங்கிக் காட்டியிருந்தார். இன்றைய ஐ.ஆர். பயிற்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

உடம்பு ஏன் பொய் சொல்கிறது?

'மேகத்துக்குள்ள போனா என்ன, நேரா பிடிச்சுக்கிட்டுப் போக வேண்டியதுதானே' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 'நேர்' எது என்பது உடம்புக்குத் தெரியாது. அதில்தான் பிரச்சினையே.

கும்மிடிப்பூண்டி லைனில் போகிறவர்களுக்கு இது பழகிய அனுபவம். நம்ம யூனிட் ரயில் சும்மா நிற்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி மெதுவாக நகரும். ஒரு நொடி நாம்தான் நகர்கிறோம் என்று உடம்பே நம்பிவிடும். மறுபக்கம் திரும்பி பிளாட்பாரத் தூணைப் பார்த்ததும் சரியாகிவிடும். மேகத்துக்குள் அந்தத் தூண் கிடையாது.

நம் காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் அசையும், அதை வைத்து மூளை 'திரும்புகிறோம்' என்று புரிந்துகொள்ளும். ஆனால் ஒரே வேகத்தில் சுமார் 20 நொடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். திரும்புகிற உணர்வே போய்விடும். அப்போது விமானத்தை நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வது போல இருக்கும். அதை நம்பி மறுபடி பழைய பக்கமே சாய்ப்பார்கள். விமானம் சாய்ந்தபடியே இறங்கும். 'இறங்குகிறதே' என்று மூக்கைத் தூக்க இழுத்தால் வட்டம் இன்னும் இறுகும். இந்தச் சுழலுக்கு ஆங்கிலத்தில் கல்லறையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட விட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடி. மூன்று நிமிடத்துக்கு இரண்டு நொடி குறைவு. ஒரு மேகி வேகிற நேரம்கூட இல்லை. அதே ஆட்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்த பிறகு, பெரும்பாலானோர் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள் என்பது அந்த ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத பாதி.

குன்னூரில் என்ன நடந்தது?

2021 டிசம்பர் 8. சூலூரில் இருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிர் பிழைத்திருந்த குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து, 15-ம் தேதி இறந்தார்.

2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட விசாரணை முடிவில், இயந்திரக் கோளாறும் சதியும் காரணம் இல்லை என்று சொல்லப்பட்டது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போயிருக்கிறது. அதில் விமானிக்கு இடஉணர்வு குழம்பி, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே தரையில் மோதியிருக்கிறது. ஓட்டியவர்கள் அனுபவமுள்ள ராணுவ விமானிகள். பயிற்சி இருந்தால் இந்தக் குழப்பம் வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதை இந்த விபத்து காட்டுகிறது. வரும். வந்தபிறகு எத்தனை நொடியில் அதைக் கண்டுபிடிக்கிறோம், கீழே எவ்வளவு உயரம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். மலைப்பள்ளத்தாக்கில் அந்த மிச்சம் ரொம்பக் குறைவு.

அப்படியென்றால் மீட்டரை நம்பினால் போதுமா?

போதாது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1978 ஜனவரி 1, புத்தாண்டு ராத்திரி. பம்பாயில் இருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 கிளம்பியது. கடல் மேலே போனதும் வெளியே ஒரே இருட்டு. தொடுவானம் தெரியாது. விமானம் வலப்பக்கம் லேசாகத் திரும்பி நேரானது. ஆனால் கேப்டன் முன்னால் இருந்த செயற்கைத் தொடுவானக் கருவி, இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் அதை நம்பி இடப்பக்கம் சாய்த்தார். மேலும் சாய்த்தார். துணை விமானி முன்னால் இருந்த கருவி வேறு காட்டியது. ஃபிளைட் இன்ஜினியர் எச்சரிக்கவும் பார்த்தார். நேரம் போதவில்லை. கிளம்பி இரண்டு நிமிடத்துக்குள் விமானம் பாந்த்ரா அருகே கடலில் விழுந்தது. 213 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

அதனால்தான் ஐ.ஆர். பயிற்சியில் 'மீட்டரை நம்பு' என்பதோடு நிறுத்த மாட்டார்கள். ஒரு மீட்டர் சொல்வதை இன்னொரு மீட்டரிடம் கேட்டு உறுதிசெய்யச் சொல்வார்கள். செயற்கைத் தொடுவானம் 'வலப்பக்கம் சாய்ந்திருக்கிறோம்' என்று சொன்னால், திசை காட்டும் கருவியிலும் எண் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், திரும்பும் வேகத்தைக் காட்டும் கருவியும் சாய வேண்டும். இரண்டும் அசையாமல் இருந்தால் முதலாவது பொய் சொல்கிறது. போலீஸ் விசாரணையில் மூன்று சாட்சிகளைத் தனித்தனியாகக் கேட்பது மாதிரிதான். வித்தியாசம், இங்கே தீர்ப்பை நொடிகளில் எழுத வேண்டும்.

பயிற்சி எப்படி நடக்கும்? எங்கே சறுக்கும்?

முதல் நாள் கையில் ஒரு ஹூடு கொடுப்பார்கள். தொப்பியின் முன்பக்கத்தை நீட்டி வளைத்தது போல இருக்கும். சில இடங்களில் பாதி மங்கலாக்கிய கண்ணாடி. போட்டுக்கொண்டால் மீட்டர் மட்டும்தான் தெரியும், ஜன்னல் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பயிற்சியாளர் வெளியே பார்த்துக்கொள்வார்.

ஆரம்பத்தில் நேராகப் பறப்பது, ஏறுவது, இறங்குவது, திரும்புவது. திரும்புவதற்கும் கணக்கு உண்டு. நொடிக்கு 3 டிகிரி, ஒரு முழு வட்டத்துக்கு 2 நிமிடம். கூடவோ குறையவோ கூடாது. கேட்க சுலபம். ஆனால் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உயரம் நழுவும், உயரத்தைப் பிடித்தால் வேகம் கூடும். ஒரே மீட்டரில் கண் ஒட்டிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தப்பு. நடுவில் இருக்கிற செயற்கைத் தொடுவானத்தில் இருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் போய், மறுபடி நடுவுக்கே வரவேண்டும். விடாமல், நிற்காமல். ஒரு மணி நேரப் பயிற்சி முடிந்து இறங்கினால் சட்டை நனைந்திருக்கும் என்றார் நம்ம பையன். "பரீட்சை ஹால்லகூட இப்படி வேர்த்ததில்லண்ணா."

இரண்டாவது வாரம் கொஞ்சம் பிடிபடும். ஊசி எல்லாம் சொன்ன இடத்தில் நிற்கும். 'நமக்கு வந்துடுச்சு' என்று ஒரு மிதப்பு வரும்.

அந்த மிதப்பை இறக்கவே அடுத்த பாடம் வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர் 'கண்ணை மூடு, தலையைக் குனி' என்பார். விமானத்தை நாலு பக்கமும் புரட்டிவிட்டு 'இப்ப உன் கையில' என்பார். கண்ணைத் திறந்தால் மூக்கு கீழே, ஒரு பக்க இறக்கை சாய்ந்திருக்கும், வேகம் ஏறிக்கொண்டிருக்கும். கை தானாக இழுக்கத்தான் போகும். இழுக்கக் கூடாது. முதலில் இன்ஜின் சக்தியைக் குறை, அடுத்து இறக்கையை நேராக்கு, அதற்கப்புறம்தான் மூக்கைத் தூக்கு. வரிசை மாறினால் முன்னே சொன்ன சுழல்தான். இன்னொரு நாள் செயற்கைத் தொடுவானத்தின் மேலேயே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, மிச்ச மீட்டர்களை மட்டும் வைத்து ஓட்டச் சொல்வார்கள். எம்பரர் அசோகா கேப்டனுக்கு நடந்தது பழுது என்று தெரியாமல் நடந்தது. இங்கே பழுதைச் சொல்லிவிட்டே செய்கிறார்கள். அப்படியும் கை நடுங்குமாம்.

அதைத் தாண்டினால் ரேடியோ வழிகாட்டிகள். வி.ஓ.ஆர்., டி.எம்.இ., ஐ.எல்.எஸ். என்று எழுத்துக் கூட்டங்கள். பலரும் மாட்டிக்கொள்கிற இடம் 'ஹோல்டிங்'. விமான நிலையத்தில் நெரிசல் என்றால் கட்டுப்பாட்டு அறை 'காத்திரு' என்று சொல்லும். வானத்தில் ஹேண்ட்பிரேக் கிடையாது. அதனால் ஒரு புள்ளியை வைத்து, ஓட்டப்பந்தய மைதான வடிவத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக ஒரு பக்கம் ஒரு நிமிடம். எந்தத் திசையில் இருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே நுழைய மூன்று முறைகள். காற்று ஒரு பக்கம் தள்ளும், அதற்கு எவ்வளவு திருத்தம் என்று மனதிலேயே போட வேண்டும். இதற்கு நடுவில் ரேடியோவில் நீளமாக ஓர் உத்தரவு வரும். எழுதிக்கொண்டு, பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நம்ம பையன் ராத்திரி போன் போட்டது இந்த இடத்தில்தான். நுழையும் முறையைத் தப்பாகப் போட்டு, அதைச் சரிசெய்யும் பதற்றத்தில் 300 அடி இறங்கியது தெரியாமல் இருந்திருக்கிறார். தேர்வில் இதெல்லாம் ஓடாது. உதாரணத்துக்கு அமெரிக்க ஐ.ஆர். தேர்வில் உயரம் 100 அடி, திசை 10 டிகிரி, வேகம் 10 நாட் என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும்.

அவர் இன்னொன்றும் சொன்னார், கொஞ்சம் தயங்கித்தான். "ஹூடு இடுக்குல எட்டிப் பார்த்துடுவேண்ணா. ஒரு நொடி தொடுவானம் தெரிஞ்சா போதும், எல்லாம் செட் ஆகிடும். சார் கவனிக்க மாட்டார்." அந்த மணி நேரமும் லாக்புக்கில் 'கருவி நேரம்' என்றே ஏறும். கையெழுத்தும் விழும்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துப் படிக்கிற பையன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு ஓடுகிறது. சீக்கிரம் முடிக்கணும் என்ற அவசரம் புரிகிறது. அதே சமயம் உண்மையான மேகத்தில் இடுக்கு இருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. இல்லாவிட்டால் என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்?

40 மணி நேரம்: காகிதத்திலா, கண்ணிலா?

இந்தியாவில் பைலட் உரிமம், ரேட்டிங் எல்லாவற்றையும் கவனிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. ஐ.ஆர். வாங்க 40 மணி நேரக் கருவிப் பயிற்சி தேவை. அதில் 20 மணி நேரம் வரை சிமுலேட்டரில் செய்துகொள்ளலாம். ஊர்விட்டு ஊர் போகும் பறத்தலில் விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று ஓட்டிய அனுபவம் 50 மணி நேரம் வேண்டும். கடைசியில் பறத்தல் சோதனை. வாங்கிவிட்டால் காலத்துக்கும் செல்லும் என்பதெல்லாம் கிடையாது, ஆண்டுதோறும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மேகத்தில் ஓட்டத்தான் பயிற்சி, ஆனால் பயிற்சி விமானங்கள் சின்னவை. இடிமேகத்துக்குள்ளும், உறைபனி ஒட்டும் மேகத்துக்குள்ளும் போகவே கூடாது. அதனால் பெரும்பாலான மாணவர்கள் அந்த 40 மணி நேரத்தை வெயிலில், ஹூடைப் போட்டுக்கொண்டுதான் முடிக்கிறார்கள். அப்படியானால் அந்த எண்ணுக்கு மதிப்பு எங்கே இருந்து வருகிறது? ஹூடு உண்மையாகப் போடப்பட்டதா என்பதில் இருந்து மட்டும்தான்.

இது வெறும் தத்துவம் இல்லை. 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கியதாக விமானிகள் கைதானார்கள். பறக்காத மணி நேரங்களைப் பறந்ததாக எழுதியதாக ராஜஸ்தானில் வழக்கும் போடப்பட்டது. நாடு முழுக்க உரிமங்களைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்தைக் கூட்டி எழுதுவதும், இடுக்கில் எட்டிப் பார்ப்பதும் ஒன்றா? சட்டப்படி ஒன்றில்லை. ஆனால் காதுக்குள் இருக்கிற திரவத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கடைசி 200 அடி

நமக்கு, அதாவது பின்னால் உட்கார்ந்திருக்கிற பயணிகளுக்கு, இந்தப் பயிற்சி நேரடியாகத் தெரிவது தரையிறங்கும்போதுதான். ஐ.எல்.எஸ். என்பது ஓடுபாதையில் இருந்து வரும் ரேடியோ கற்றை. ஒன்று இடம்-வலம் காட்டும், இன்னொன்று சுமார் 3 டிகிரி சரிவைக் காட்டும். இரண்டு கோடுகளையும் நடுவில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். அடிப்படை வகையான கேட்-1 முறையில், ஓடுபாதை மட்டத்தில் இருந்து 200 அடி உயரம் வரைதான் அனுமதி. அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் மேலே ஏற வேண்டும். ஜெட் விமானம் அந்த 200 அடியைக் கடக்க 20 நொடிகூட ஆகாது. டெல்லி போன்ற இடங்களில் கேட்-3 வசதி இருப்பதால் இன்னும் குறைந்த பார்வையிலும் இறங்கலாம், ஆனால் அதற்கு விமானத்துக்கும் விமானிக்கும் தனித் தகுதி வேண்டும்.

2018 போகி அன்று பழைய துணியும் டயரும் எரித்த புகையில் சென்னையில் ஓடுபாதையே தெரியவில்லை. இறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று இண்டிகோ விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொடப்போகிற நேரத்தில் ஆட்டம் கண்டு, மறுபடி மேலே ஏறிய வீடியோவை நம் எல்லோர் வாட்ஸ்அப்பிலும் பார்த்திருப்போம். நம்ம டெஸ்கிலேயே 'திக் திக் நிமிடங்கள்' என்று தலைப்புப் போட்டோம். இப்போது யோசித்தால் அந்தத் தலைப்பு பாதிதான் சரி. முடியாது என்று தெரிந்ததும் மேலே ஏறுவதை 'கோ-அரவுண்ட்' என்பார்கள். பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாமே என்ற ஆசையை உடைக்கத்தான் அத்தனை தடவை.

மாணவர்கள் முதலில் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வார்கள். நம்ம பையனும் அப்படித்தான். மூன்று அப்ரோச்சில் இரண்டில் திரும்ப ஏறிய நாள் ஒன்றில் சோர்ந்துபோய் இறங்கியிருக்கிறார். பயிற்சியாளர் அந்த இரண்டுக்கும் 'நன்று' என்று எழுதிவிட்டு, இறங்கிய மூன்றாவதுக்குத்தான் திட்டினாராம். ஓடுபாதை தெரிவதற்கு முன்பே தலையைத் தூக்கித் தேடியிருக்கிறார் என்று.

எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்?

ஐ.ஆர். தனியாக வருவது அரிது. கமர்ஷியல் லைசென்ஸ் பயிற்சியோடு சேர்ந்தே வரும். அதற்கு 12-ம் வகுப்பில் இயற்பியல், கணிதம், வகுப்பு-1 மருத்துவச் சான்று, 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ரேடியோ பேசுவதற்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. மொத்தச் செலவு பல லட்சங்களில் போகும், சேர்வதற்கு முன் அந்த நிறுவனத்தில் எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கிற நிலையில் இருக்கின்றன என்று கேட்டுக்கொள்வது ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டில் பயிற்சிப் பள்ளி தொடங்க இந்திய விமான நிலைய ஆணையம் 2022-ல் தேர்ந்தெடுத்த இடங்களில் சேலமும் ஒன்று.

காலம் என்று பார்த்தால் விளம்பரத்தில் போடுவதைவிடக் கூடுதலாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். விமானம் பழுதுக்குப் போகும், பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போவார், மழைக்காலம் வரும். இடைவெளி விட்டால் கண் ஓட்டம்தான் முதலில் மறக்கும். நம்ம பையனுக்கு நடுவில் மூன்று மாதம் விமானமே கிடைக்கவில்லை. திரும்ப ஏறியபோது முதல் வாரத்தில் இருந்த இடத்துக்கே போயிருந்தாராம்.

நேற்று மறுபடி பேசினேன். ஹூடின் இடுக்கை உள்பக்கமாகக் கறுப்பு டேப் போட்டு ஒட்டிக்கொண்டாராம், யாரும் சொல்லாமலே. அதனால் கூடுதலாக ஆறு மணி நேரம் பறக்க வேண்டி வந்தது, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை அவருக்கு ஐ.ஆர். சோதனை. இந்தக் கட்டுரையை முடிக்கிற நேரத்தில் மெசேஜ் வந்தது: "தள்ளி வச்சிட்டாங்கண்ணா. மேகமா இருக்காம்."